முகம் தேடுவோரும் முகம் செய்வோரும்

யுத்தத்திற்குச் சென்று மாண்டுபோன ஒருவரைப் பற்றி நம் குடும்பங்களில் விசாரித்தால், “அவருடைய படம் எதுவும் இல்லை, அக்காலத்தில் மார்க்கம் தடுத்திருந்தது” என்று கூறி முடித்துவிடுகின்றனர். செவிக்குப் பேணுதலாக ஒலிக்கும் இவ்விடையை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. நம்முடைய அலட்சியத்தை மார்க்கத்தின் தலையில் ஏற்றி வைக்கும் தந்திரம் இது. இதைச் சொல்லும் தகுதி நமக்கு எப்படி வந்தது என்பதைச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறோம். அது பெருமைக்குரிய தகுதியன்று.

கடந்த ஷவ்வால் மாதத்தில் உறவினர் இல்லத்து நிகாஹ் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். கூடத்துச் சுவரில் புதிதாக ஒரு படம் மாட்டப்பட்டிருந்தது. இராணுவத் தொப்பி, கூரிய நாசி, செதுக்கி வைத்தாற்போன்ற தாடி, கண்ணைப் பறிக்கும் வண்ணம். 1945-ஆம் ஆண்டில் பர்மா யுத்தத்தில் உயிர் நீத்த நம் பாட்டனாரின் இளவல் அவர் என்றார்கள். எங்கே கிடைத்தது என்று வினவினோம். கிடைக்கவில்லை, செய்தோம் என்றார் வீட்டு இளைஞர். குடும்பத்து ஆண்கள் மூவரின் படங்களைக் கணினிக்குக் கொடுத்து, அதன் செயற்கை அறிவைக் கொண்டு இந்த முகத்தை வரவழைத்தாராம். “நாலு வருஷமா தேடினேன் மாமா. பாட்டி பெட்டியில இருந்த படம் எப்படியோ தொலஞ்சு போச்சுன்னு சொன்னாங்க. கண்ண மூடுறதுக்குள்ள வாப்பா முகத்த இன்னொரு தடவ பாக்கணும்னு கேட்டாங்க. அதுக்காகத்தான்” என்றார். அவருடைய பாட்டியார் மாண்டவரின் ஒரே மகள். தந்தை கப்பலேறிய பின்னர் 1942-இல் பிறந்தவர். தந்தையை நேரில் காணாதவர்.

இச்செய்தி ஊரில் பரவிற்று. அடுத்த வெள்ளியன்று அக்கம்பக்கத்துப் பள்ளியொன்றில் பேசிய உரையாளர் ஒருவர், இறந்தவரின் படத்தைத் தேடி அலைவதே வீண் வேலை, துஆச் செய்துவிட்டுப் போவதே மூமினுக்கு அழகு என்று முடித்தாராம். முகத்தைச் செய்து மாட்டியவருக்கும், முகத்தைத் தேடுவதே வீண் என்றவருக்கும் நாம் சொல்ல வேண்டியவை உள்ளன.

முதலில் மாண்டவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறோம். அது மிகக் குறைவு. இராமநாதபுரம் கடற்கரையைச் சேர்ந்தவர். லாரி ஓட்டத் தெரிந்தவர் என்பதால் இராணுவச் சரக்குப் போக்குவரத்துப் பிரிவில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அந்த யுத்தத்தில் இந்தியப் படையில் சேர்ந்தோர் ஏறத்தாழ 25 லட்சம் பேர்; மாண்டோர் ஏறத்தாழ 87,000 பேர். அந்த எண்ணிக்கையில் இவர் ஒருவர். இறந்து ஏழு மாதங்கள் கழிந்த பின்னரே வீட்டிற்குச் செய்தி வந்தது. நம் ஊர் ஷாஃபிஈ ஊராதலால், உடல் இல்லாமலே பள்ளியில் காயிப் ஜனாஸாத் தொழுகை நடைபெற்றது. கணவர் இறந்த நாளிலிருந்தே இத்தா கணக்கிடப்படும் என்பது பிக்ஹுச் சட்டம். ஏழு மாதங்கள் ஆகிவிட்டதால் சின்னப் பாட்டியாருக்கு இத்தாவே எஞ்சியிருக்கவில்லை. ஆயினும் அவர் செய்தி வந்த நாளிலிருந்து நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளைத் துப்பட்டியில் அமர்ந்திருந்தார் என்று நம் வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறோம். சட்டம் தெரிந்த எவரும் அவரை எழுப்பவில்லை. அந்த நாளில் நம் ஊர் ஆலிம்களுக்கு நம்மைவிட மனம் இருந்தது.

இனி நம் கதைக்கு வருகிறோம். 1991-ஆம் ஆண்டில் அரபுக் கல்லூரியில் ஸனது பெற்று ஊர் திரும்பியபோது நமக்கு வயது இருபத்திரண்டு. தலைப்பாகை புதிது, நாவும் புதிது. உறவினர் வீடு வீடாகச் சென்று சுவர்ப் படங்களை இறக்கச் செய்தோம். சின்னப் பாட்டியாரின் வீட்டுச் சுவரில் படம் ஏதும் இல்லை. ஆனால் அவருடைய டிரங்குப் பெட்டியில், துணிகளுக்கு அடியில், எண்ணெய்த் தாளில் சுற்றி ஒன்று இருப்பதாக யாரோ சொன்னார்கள். கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆலிமாகி வந்த பேரன் கேட்கும்போது மறுத்துப் பேசும் வழக்கம் அவர் தலைமுறைக்கு இல்லை. “பாத்துச் செய்ங்க வாப்பா” என்று மட்டும் சொன்னார். அவர் வீட்டு அடுப்பிலேயே அது எரிந்தது. நாம் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை; பார்ப்பதே பாவம் என்று எண்ணியிருந்தோம். ஆகவே அந்த முகம் எப்படியிருந்தது என்று இன்று கேட்டால், அதைக் கையில் வைத்திருந்த நமக்கே தெரியாது. 1994-இல் சின்னப் பாட்டியார் மவுத்தானார். படம் தொலைந்துவிட்டது என்று மகள் தம் பேரனிடம் சொன்னது, நம் பெயரைக் காப்பாற்றுவதற்காக. நிகாஹ் வீட்டில் அன்றிரவே அந்த இளைஞரைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. நாமும் பேசவில்லை.

மார்க்கம் தடுத்ததா? உருவங்கள் பற்றிய ஹதீஸ்கள் உண்டு. அவற்றை மறுப்பார் யாருமில்லை. கையால் வரைவதும் ஒளியால் பதிவதும் ஒன்றா என்பதிலேதான் உலமாக்கள் கருத்து வேறுபட்டனர். எகிப்தின் முஃப்தியாக விளங்கிய அல்லாமா முஹம்மத் பகீத் அல்முதீஈ புகைப்படம் ஆகும் என்பதற்குத் தனியாக ஒரு நூலே எழுதினார். கண்ணாடியில் விழும் நிழலை நிறுத்தி வைப்பது போன்றதே அது என்பது அவருடைய வாதம். தேவ்பந்த் மரபில் வந்த முஃப்தி முஹம்மத் ஷஃபீ போன்றோர் ஆகாது என எழுதினர். இருசாராரும் கற்றவர்கள், இருசாராரிடமும் ஆதாரங்கள் உண்டு. கருத்து வேறுபாடுள்ள மஸ்அலாவில் ஒருவர் தம் நிலைப்பாட்டைத் தமக்கென வைத்துக்கொள்ளலாம். பிறரைக் கண்டிக்கக் கூடாதென்பது நாமே மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்கும் விதி. அவ்வாறிருக்க, எழுபது வயது விதவையின் பெட்டிக்குள் கையை விட்டு அவளுடைய ஒரே பொருளை எடுத்து எரிக்கும் அதிகாரத்தை இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு எந்தக் கிதாபு தந்தது?

வேறொன்றும் கேட்கிறோம். 1948-இல் மலாயாவில் அவசரநிலை வந்து, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட யாவரும் படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டுமென்று அரசாங்கம் ஆணையிட்டது. அங்கிருந்த நம் சபராளிகள் எல்லோரும் ஸ்டூடியோ வாசலில் வரிசையில் நின்றார்கள். பிழைப்புக்கு அவசியம் என்றால் படம் ஆகுமாயின், தந்தையை ஒருமுறையும் காணாத மகளின் கண்ணுக்கு அது அவசியமாகாதா? மேசைக்கு மேல் ஒரு ஃபத்வாவும் மேசைக்குக் கீழ் ஒரு ஃபத்வாவும் இருக்க முடியாது.

படம் வேண்டா என்றே வைத்துக்கொள்வோம். அப்படிச் சொன்ன முன்னோர்கள் அதற்குப் பதிலாக என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டாமா? அவர்கள் மனிதனை மறக்கவில்லை. சொல்லால் எழுதி வைத்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் உயரம், நிறம், தலைமுடி, நடை இவற்றைக் கண்டவர் வாயிலாகக் கேட்டுத் தொகுப்பதற்கென்றே இமாம் திர்மிதி ஷமாயில் என்னும் நூலை இயற்றினார். இப்னு ஸஅத் தம் தபகாத்தில் இன்ன நபித்தோழர் நெட்டையா குட்டையா, தாடிக்குச் சாயம் இட்டாரா இல்லையா என்பது வரை எழுதினார். இப்னு ஹஜர் அஸ்கலானி அல்இஸாபாவில் 12,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை நிரப்பினார். உஹதுக் களத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட காயங்களால் உருத்தெரியாது கிடந்த அனஸ் இப்னு நள்ர் (ரலி) அவர்களை, விரல் நுனியைக் கொண்டு சகோதரியார் அடையாளம் கண்ட செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. விரல் நுனியைக் கூட ஒரு சமூகம் பதிவு செய்து வைத்திருக்கிறது! நம் வீட்டில் மாண்டவரின் விரலை விடுங்கள். அவர் இடக்கையரா வலக்கையரா என்று கூட நாம் கேட்டு வைக்கவில்லை. சின்னப் பாட்டியார் நாற்பத்தொன்பது ஆண்டுகள் விதவையாக நம் நடுவே வாழ்ந்தார். இடியாப்பம் அவித்துக் கொடுத்தார், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். ‘உங்கள் மாப்பிள்ளை எப்படியிருப்பார்’ என்று அவரிடம் கேட்டவர் எவருமில்லை. இதையும் மார்க்கமா தடுத்தது?

படத்தை எரித்தோம் என்றால், மற்றவற்றை என்ன செய்தோம்? அந்த யுத்தத்தில் இந்தியப் படையினருக்கு வழங்கிய பதக்கங்களில் அவரவர் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்துக் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கூட அவ்வாறு பொறித்துத் தரவில்லை. சின்னப் பாட்டியாருக்கு வந்த இரண்டு நட்சத்திரங்களும் பித்தளை போல் மஞ்சளாக இருந்தன. பழைய பித்தளைக்கு எவர்சில்வர் தரும் பாத்திரக்காரர் தெருவில் வந்தபோது, ஓட்டைக் குத்துவிளக்கோடு சேர்த்து அவற்றையும் நிறுத்துப் போட்டு ஒரு டம்ளர் வாங்கியதாகக் கேள்வி. மணியார்டர் துண்டுகளும் பென்ஷன் தாள்களும் வீடு வெள்ளையடிக்கும் போது போயின. இவற்றில் எதுவும் உருவமன்று. எதையும் எந்த ஆலிமும் தடுக்கவில்லை.

பெரிய குற்றவாளி வெள்ளையன் அல்லவா என்பார் உண்டு. ஆம், அவன் கணக்கும் இருக்கிறது. முதல் உலக யுத்தத்தில் மாண்ட இந்திய, ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்க்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை, குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்று பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணையமே 2021-இல் அறிக்கை வெளியிட்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் பாராளுமன்றத்தில் மன்னிப்பும் கேட்டார். நூறாண்டு தாமதம்தான். ஆனால் தங்கள் குற்றத்தைத் தாங்களே எண்ணிப் பார்த்து எழுதி வெளியிட்டார்கள். நம் வீடுகளின் அறிக்கையை எப்போது எழுதப்போகிறோம்?

‘ரோனா’ என்ற கப்பலைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ‘ரஜுலா’வை அறியாத சபராளி இல்லை, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம்மவரைச் சுமந்த கப்பல். ரோனா அதன் உடன்பிறப்பு. 1926-இல் அதே கடல்வழிக்கெனவே கட்டப்பட்டது. யுத்தகாலத்தில் படை ஏற்றும் கப்பலாக்கப்பட்டு, 1943 நவம்பர் 26-இல் அல்ஜீரியாக் கரைக்கு அப்பால் ஜெர்மானியரின் பறக்கும் குண்டால் மூழ்கிற்று. அமெரிக்கப் படையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலும் இந்தியர்களான கப்பல் ஊழியர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரகசியம் என்று நெடுங்காலம் மூடி வைக்கப்பட்ட அச்செய்தியை அமெரிக்கக் குடும்பங்கள் விடாது தோண்டின. தப்பியவர்களும் இறந்தோரின் உறவினரும் ஒன்றுகூடி 1990-களில் அலபாமா மாநிலத்தில் நினைவுக்கல் நாட்டினர். நம் நாட்டுக் கப்பலாளிகளுக்குச் சிட்டகாங்கிலும் பம்பாயிலும் ஆளுக்கொரு பிரதியாக ஒரு நினைவுப் புத்தகம் இருக்கிறது. அந்த யுத்தத்தில் கடலில் மறைந்த 6,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. அப்துல்களும் இப்ராஹீம்களும் இஸ்மாயில்களும் பக்கம் பக்கமாக வரும் அந்தப் புத்தகத்தைத் திறந்து தம்மவரைத் தேடும் குடும்பம் எங்கே இருக்கிறது?

தேடுவது எளிதன்று என்பதும் உண்மை. நம்மவர் பெயர் ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியானில் உள்ள நினைவுத் தூண்களில் இருக்க வேண்டும். கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. நடுவில் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி ஆகிய ஐந்து எழுத்துகளில் வாசகம் இருக்கிறது, தமிழில் இல்லை. காதர் என்ற ஒரே பெயரைக் கே என்னும் எழுத்தில் தொடங்கி எழுதிய குமாஸ்தாவும் உண்டு, சி என்னும் எழுத்தில் தொடங்கி எழுதியவரும் உண்டு. ஊர்ப் பெயர் கேட்கவே வேண்டாம். ஒரே பெயருடைய பலரில் நம்மவர் யார் என்பது அடுத்த சிக்கல். இதுவும் நம் முன்னோர்க்குப் புதிதன்று. பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் இருப்போரைப் பிரித்தறிவதற்கென்றே கதீப் அல்பக்தாதி ஒரு நூல் எழுதினார். தந்தை பெயர், ஊர், ஆசிரியர், இறந்த ஆண்டு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பிரித்தார். ஆணையத்தின் பதிவேட்டிலும் பல இந்தியப் பெயர்களுக்கு எதிரே தந்தை பெயரும் மனைவி பெயரும் ஊரும் குறிக்கப்பட்டுள்ளன. மனைவியின் பெயரை வெளியே சொல்லத் தயங்கும் நம் வீடுகளில், பாட்டியின் இயற்பெயரே பேரனுக்குத் தெரிவதில்லை. பிறகு எதைக் கொண்டு பிரிப்பது? லண்டன் இம்பீரியல் யுத்த அருங்காட்சியகத்தில் பர்மாப் போர்முனைப் படங்கள் ஏராளம் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் கீழ் இந்தியச் சிப்பாய்கள் என்ற அளவே எழுத்து. அவற்றுள் ஒன்றில் லாரிச் சக்கரத்தருகே நிற்பவர் நம்மவராகவே இருக்கலாம். அவரை அறிந்த கண் வேண்டுமே!

இப்போது அந்த இளைஞரிடம் வருகிறோம். அவர் மீது நமக்கு அன்பு உண்டு. நான்கு ஆண்டுகள் தேடியவர். அவர் செய்து மாட்டிய படத்தின் மீது துளியும் இல்லை. அறிவிப்பாளர் தொடர் இல்லாத ஹதீஸை நாம் ஏற்பதில்லை. இட்டுக்கட்டியதை, அதன் பொருள் எவ்வளவு அழகாயிருப்பினும், மவ்ளூஉ என்று ஒதுக்குகிறோம். நன்மையைத் தூண்டவே புனைந்தேன் என்று சொன்னவர்களையும் நம் முஹத்திஸ்கள் விடவில்லை. புகைப்படத்திற்கும் ஸனது உண்டு. யார் எடுத்தது, எந்த ஊரில், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, அவரை நேரில் கண்ட எவர் இவர்தான் என்று சொன்னார்? இக்கேள்விகளுக்கு விடையில்லாத படம், உண்மையாகவே ஸ்டூடியோவில் எடுத்ததாயினும், ஒரு சிப்பாயின் படமேயன்றி நம் சிப்பாயின் படமன்று. கணினி தந்த முகத்திற்கோ முதல் அறிவிப்பாளரே இல்லை.

சுவரில் ஒரு பொய் இருந்துவிட்டுப் போகட்டுமே, கிழவிக்கு ஆறுதல்தானே என்பீர்கள். ஆறுதல் என்ன செய்கிறதென்று நாம் கண்டோம். அந்தப் பெண்மணி நமக்கு மாமி முறை. இப்போது பார்வை மங்கியவர். பல ஆண்டுகளுக்கு முன், தம் உம்மாவின் பெட்டியிலிருந்த படத்தில் வாப்பாவுக்குத் தாடி இல்லை, மெல்லிய மீசை மட்டுமே என்று நம் வீட்டுப் பெண்களிடம் சொல்லியிருக்கிறார். எரிந்த படத்திற்கு எஞ்சியிருந்த சாட்சி அவர் ஒருவர்தாம். நிகாஹ் வீட்டில் அவரிடம் கேட்டோம். “எங்க வாப்பாவுக்குத் தாடிதான். அந்தா, படத்துல இருக்கே” என்றார். நாம் எரித்தது தாளை. மாமியின் நெஞ்சில் மிச்சமிருந்ததை இந்தப் புதுப்படம் அழித்துவிட்டது.

தேடலே வீண் என்ற உரையாளருக்கு அதிகம் சொல்வதற்கில்லை. துஆவை யாரும் நிறுத்தவில்லை. கப்ரும் இல்லாத, ஸியாரத்திற்குச் செல்ல இடமும் இல்லாத ஒருவரின் எண்ணையும் ஊரையும் முகத்தையும் அவர் மகளுக்காகத் தேடுவது உறவைப் பேணுவதில் சேருமா சேராதா என்று அவர் ஓதிய கிதாபுகளிலேயே பார்த்துக்கொள்ளட்டும். மிம்பரிலிருந்து ஒரு வாக்கியத்தில் தள்ளிவிடுவது எளிது. நாமும் ஒருகாலத்தில் அவ்வளவு எளிதாகத்தான் பேசினோம்.

சென்ற வாரம் அந்த இளைஞரையும் அழைத்துக்கொண்டு, சின்னப் பாட்டியாரின் தங்கையைக் காணச் சென்றோம். தொண்ணூற்று மூன்று வயது. மச்சான் யுத்தத்திற்குப் புறப்பட்டபோது பத்து வயதுச் சிறுமி. காது மந்தம், கண் தெளிவு. இளைஞர் தம் கைப்பேசியில் அந்த வண்ணப் படத்தைக் காட்டினார். வெகுநேரம் பார்த்தார்.

“இது யாரு வாப்பா? நம்ம ஊட்டுப் புள்ள இல்லியே” என்றார்.

பிறகு மச்சானைப் பற்றிக் கேட்டோம். நல்ல கறுப்பு, வாசல்படியில் குனிந்துதான் நுழைவார், முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து, அதன் வழியே சீழ்க்கை அடித்துப் பிள்ளைகளைக் கூப்பிடுவார், இடப்புருவத்தில் தேங்காய்ச் சிரட்டை வெட்டிய தழும்பு. இளைஞர் தாளில் எழுதினார்: சொன்னவர் பெயர், மாண்டவருக்கு அவர் என்ன உறவு, வயது, கேட்ட நாள், உடனிருந்தோர் இருவர். அஸருக்குப் பின் அவரால் அதிகம் பேச முடிவதில்லை. வரும் திங்களன்று காலையில் மீண்டும் செல்கிறோம்.